இலச்சினையில் இல்லாத மனிதன்

ஓர் இயக்கம் தனக்கென ஒரு சின்னத்தைத் தெரிந்துகொள்ளும்போது தன் கொள்கையையே படமாக வரைகின்றது. அரிவாளும் சம்மட்டியும் உழைப்பவன் கையிலிருந்து கொடியில் ஏறியவை. செஞ்சிலுவையைக் கண்டால் போர்க்களத்திற் கிடக்கும் காயம்பட்டவன் நினைவுக்கு வருகிறான். யாருக்காக எழுந்த இயக்கம் இது என்பதைச் சின்னமே சொல்லிவிட வேண்டும். அப்படியாயின், இயற்கையைக் காக்கப் புறப்பட்டிருக்கும் உலகப் பெருநிறுவனங்களின் இலச்சினைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க நாம் உரிமையுடையோம். இந்தப் படங்களில் மனிதன் எங்கே?

இக்கேள்வியைத் திருக்கேதீச்சரத்து மண்ணில் நின்று கேட்கிறோம். ஒருபுறம் வங்காலைச் சதுப்பு நிலம். மறுபுறம் மாதோட்டத்தின் புதையுண்ட துறைமுகம். பாலத்துக்கு அப்பால் மன்னார்த் தீவு. பறவைகளுக்காக இந்த நிலத்தை உலகம் அறியும். 2008ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2010ஆம் ஆண்டு றம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும் வங்காலை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பூநாரைகளைப் படம்பிடிக்க வருவோர் பலர். அதே நீரில் இறால் வலை வீசி நிற்பவனைப் படம்பிடிப்போர் சிலர். அவனையும் பூநாரையையும் ஒரே படத்தில் வைத்துப் பார்ப்போர் மிகமிகச் சிலர். நம் வழக்கு இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

உலகிலேயே மிகப் புகழ்பெற்ற சுற்றாடல் இலச்சினை உலக வனசீவராசிகள் நிதியத்தின் பாண்டாக் கரடி என்பதில் ஐயமில்லை. 1961ஆம் ஆண்டு அந்நிறுவனம் தோன்றியபோது, ஜெரால்ட் வாட்டர்சன் வரைந்த முதற்கோடுகளை அடியாகக்கொண்டு, பறவையியலறிஞரும் ஓவியருமான பீட்டர் ஸ்கொட் அதை வரைந்தார். அப்போது இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் சீ-சீ என்னும் பாண்டா இருந்தது. முதலில் அமெரிக்காவுக்குச் செல்லவிருந்த விலங்கு அது. கம்யூனிஸ்டுச் சீனத்துப் பொருள்களுக்கு விதித்திருந்த தடையின்கீழ் அமெரிக்க அரசு அதற்கும் வாயிலடைத்தது. கரடியிலும் கொள்கை கண்ட அரசு அது! இறுதியில் 1958ஆம் ஆண்டு இலண்டன் அதை ஏற்றது. சின்னமாகத் தெரிந்தெடுத்தமைக்கு ஸ்கொட் கூறிய காரணங்களுள் ஒன்று மிக எளியது: கறுப்பும் வெள்ளையுமே போதும், அச்சுச் செலவு மிச்சம்.

இந்தச் சிக்கனத்தை நாம் பழிக்கவில்லை, போற்றுகிறோம். எழுத்தறியாதவனும் கண்டறியக்கூடிய படம், மலிவாக அச்சிடக்கூடிய படம், அழிவின் விளிம்பில் நின்ற ஓர் உயிரின் படம். ஒரு தொண்டு நிறுவனத்துக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் வேண்டியதில்லை.

ஆனால் அதே 1961ஆம் ஆண்டின் இன்னொரு படத்தையும் பாருங்கள். சனவரியில் இந்தியாவுக்கு வந்த பிரித்தானிய அரச விருந்தினருக்கு ராஜஸ்தானத்துக் காட்டில் வேட்டை ஏற்பாடாயிற்று. இளவரசர் பிலிப் ஒரு புலியைச் சுட்டு வீழ்த்தினார். ஆண்டு முடிவதற்குள் அதே இளவரசர் புதிய நிதியத்தின் பிரித்தானியக் கிளைக்குத் தலைவரானார். 1981இல் உலக நிறுவனத்துக்கே தலைவரானார். உலக நிறுவனத்தின் முதல் தலைவர் நெதர்லாந்து இளவரசர் பெர்ணாட். லொக்கீட் விமானக் கம்பனியின் இலஞ்ச விவகாரம் வெடித்ததும் 1976இல் அவர் பதவி துறந்தார். பின்வந்தவர் ஷெல் எண்ணெய்க் கம்பனியின் முன்னாள் தலைவர் ஜோன் லௌடன். இளவரசர், எண்ணெய் முதலாளி, மீண்டும் இளவரசர்! கரடியின் முகம் மட்டும் அன்று போலவே அப்பாவியாக இருந்தது. காட்டில் தேனெடுப்பவன், கடலில் வலையிழுப்பவன், மலையில் விறகு பொறுக்குபவள் ஆகிய எவருக்கும் அந்தப் பந்தியில் இலை போடப்படவில்லை.

இனி இலச்சினையின் மறுவடிவமைப்புக்கு வருவோம். 1978இல் ஒருமுறை, 1986இல் ஒருமுறை, 2000இல் ஒருமுறை பாண்டா திருத்தி வரையப்பட்டது. முதற்படத்தில் மயிரும் பார்வையும் கொண்ட ஒரு விலங்கு இருந்தது. பின்னர் வரம்புக்கோடுகள் உதிர்ந்தன. தலையும் முதுகும் வெள்ளைத் தாளோடு கலந்தன. சில கரும்பட்டைகள் மட்டும் எஞ்சின. கீழே எழுத்துகள் தடித்தன. 1986ஆம் ஆண்டிலேயே நிறுவனத்தின் பெயரும் இயற்கைக்கான உலகளாவிய நிதியம் என மாறிற்று. வட அமெரிக்காவில் மட்டும் பழைய பெயர் நின்றது. பெயரின் முதலெழுத்துகள் மூன்றுக்காக ஒரு மல்யுத்தக் கம்பனியோடு பிரித்தானிய நீதிமன்றத்தில் வழக்காடி வென்றதும் உண்டு. அதன் பயனாக 2002இல் மல்யுத்தக் கம்பனி தன் பெயரை மாற்றிக்கொண்டது. காட்டைக் காக்க வந்தவர்கள் எழுத்தைக் காக்க எவ்வளவு வலிமை காட்டினர்!

உயிருள்ள விலங்கு படமாயிற்று, படம் குறியாயிற்று, குறி சொத்தாயிற்று. சொத்தானபின் அதை வாடகைக்கு விடலாம், பண்டத்தின்மேல் ஒட்டலாம், மற்றொருவனின் பெயரோடு இணைத்து விலை பேசலாம். மறுவடிவமைப்பை அழகுக்கலையின் விவகாரமாக மட்டும் பேசுவோர் இந்தப் பொருளாதாரத்தை மறைக்கிறார்கள்.

1986ஆம் ஆண்டு பாண்டாவுக்குப் புதுமுகம் தந்தது லாண்டர் என்னும் அமெரிக்க வடிவமைப்பு நிறுவனம். அதே நிறுவனமே 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பெற்றோலியம் என்னும் எண்ணெய்க் கம்பனிக்குப் பச்சையும் மஞ்சளுமாக மலரும் ஒரு சூரியனை வரைந்து கொடுத்தது. பழைய கேடயச் சின்னம் போயிற்று; பெற்றோலியத்துக்கு அப்பால் செல்கிறோம் என்னும் முழக்கம் வந்தது. காடு காக்கும் நிறுவனத்துக்கும் எண்ணெய் தோண்டும் நிறுவனத்துக்கும் ஒரே பட்டறையில் முகம் செய்ய முடிகிறது! பட்டறைக்காரனை நாம் குறைகூறவில்லை. கூலிக்கு வேலை செய்பவன் அவன். முகம் எதுவாயினும் செய்து தரப்படும் என்ற நிலை வந்தபின், முகத்தை நம்புவது பேதைமை என்பதே நாம் கூறுவது.

அந்தப் பச்சைச் சூரியனின் கீழே என்ன நடந்தது? 2010 ஏப்பிரல் 20ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்தது. 11 தொழிலாளர் மாண்டனர். 87 நாள்கள் கடலடியில் எண்ணெய் பீறிட்டது. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் ஏறத்தாழ 49 இலட்சம் பீப்பாய். வலைஞர் கரையேறி அமர்ந்தனர். கடற்பறவைகள் எண்ணெய் பூசிச் செத்தன. மலர்ந்த சூரியன் ஓர் இதழும் வாடவில்லை.

அவ்வாண்டே கிறீன்பீஸ் இயக்கம் ஒரு காரியம் செய்தது. தன் இலச்சினையை அது திருத்தவில்லை. அந்த எண்ணெய்க் கம்பனியின் இலச்சினையைத் திருத்தி வரையுமாறு பொதுமக்களை அழைத்துப் போட்டி நடத்தியது. பச்சைச் சூரியனிலிருந்து கரிய எண்ணெய் வடிவதாகவும், அதன் நடுவே பறவை மூழ்குவதாகவும் படங்கள் குவிந்தன. ஒரு சுற்றாடல் நிறுவனம் செய்யத்தக்க மறுவடிவமைப்பு இதுதான் என்போம். தன் முகத்துக்கு மைதீட்டுவதிலும், எதிரியின் முகத்திரையைக் கிழிப்பது மேல்.

பாண்டாவோ வேறு வழியே நடந்தது. கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பிளாச்சிமடையில், கொக்கோகோலாவின் ஆலை 2000ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிற்று. கிணறுகளில் நீர் இறங்கிற்று. எஞ்சிய நீரும் குடிக்க உதவாததாயிற்று என்று ஊரார் முறையிட்டனர். 2002 ஏப்பிரலில் ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாயிலில் அமர்ந்தனர். அவர்களை முன்னின்று நடத்தியவர் மயிலம்மா. 2004இல் ஆலை மூடப்பட்டது. மயிலம்மா 2007இல் மறைந்தார். அதே 2007இல் கொக்கோகோலாக் கம்பனியும் பாண்டா நிதியமும் உலகின் நன்னீரைக் காப்பதற்காகக் கைகோத்துக்கொண்டன! 2011இல் துருவக் கரடியைக் காக்கும் கூட்டுப் பிரசாரத்துக்காகச் சிவப்புத் தகரக் குவளை வெள்ளையாகிப் பனிக்கரடிகளைச் சுமந்தது. கிணறிழந்த பெண்ணின் படம் எந்தக் குவளையிலும் இல்லை. அவள் அழகாக அச்சாகமாட்டாள் போலும்.

இது கசப்பான பேச்சு. ஆயினும் நியாயமாகப் பேசுவோம். அந்நிதியத்தின் பணத்தால் காப்பாற்றப்பட்ட காடுகள் உண்டு. அதில் நேர்மையாக உழைத்த அறிஞர்கள் உண்டு. 2019இல், அது உதவிவந்த காடுகளில் காவலர் சிலர் உள்ளூர் மக்களை வதைத்தனர் என்ற குற்றச்சாட்டு உலகப் பத்திரிகைகளில் எழுந்தது. ஆராய அமர்த்தப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தென்னாபிரிக்கத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த நீதிபதி நவநீதம் பிள்ளை. நிதியத்தின் ஊழியர் இக்கொடுமைகளை ஏவியதற்குச் சான்றில்லை என்று 2020 நவம்பரில் வெளியான அறிக்கை கூறிற்று. கொங்கோப் படுகை முதலிய இடங்களில், தான் ஏற்றுக்கொண்ட மனித உரிமைக் கடப்பாடுகளை நிறுவனம் நிறைவேற்றத் தவறியதையும் அது எடுத்துக்காட்டிற்று. இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். கொடியவர் ஒருவர் பின்னால் ஒளிந்திருக்கிறார் என்பதன்று நம் வாதம். மனிதனில்லாத படத்தைத் தலைமேல் வைத்த நிறுவனத்துக்கு, மனிதன் அடிபடும் ஓசை தாமதமாகவே கேட்கிறது என்பதே நம் வாதம்.

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரவேண்டும். நிலத்துக்கு இலச்சினை தருவது நமக்குப் புதிதன்று. மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல் என ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பூவைப் பெயராக்கிய மரபு இது. அந்தப் பூ தனித்து நிற்கவில்லை. தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கையில், விலங்கையும் மரத்தையும் புள்ளையும் எண்ணியதோடு அமையாமல், உணவையும் பறையையும் யாழையும் செய்தியையும் சேர்த்து எண்ணுகிறது. செய்தி என்றால் அங்கே தொழில். நெய்தல் என்ற ஒரு சொல்லில் பூவும் புன்னையும் கடற்பறவையும் மட்டுமன்றி, மீன் பிடிப்பவனும் உப்பு விளைப்பவளும் அடங்கினர். உழைப்பை நீக்கிவிட்டு நிலத்தை எண்ண அவ்விலக்கணத்தால் முடியவில்லை.

அதே பழந்தமிழகத்தில் வேறுவகைச் சின்னமும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாவடியில் பண்டப் பொதிகளின்மேல் சோழனின் புலி பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. அந்தப் புலி காட்டின் புலி அன்று. உடைமையின் புலி, வரியின் புலி. ஆக, சின்னம் இருவகைப்படும். ஒன்று, ஒரு நிலத்தில் வாழ்வோர் தம்மை அறிந்துகொள்ளும் பெயர். மற்றது, வல்லவன் பொருளின்மேல் குத்தும் முத்திரை. இன்றைய சுற்றாடல் இலச்சினைகள் நெய்தற் பூவின் வேடத்தில் வரும் சுங்க முத்திரைகள் என்பதே நாம் சாட்டும் குற்றம்.

மன்னாரில் இதை நிறுவ நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. வெள்ளையர் ஆட்சி இக்கடலின் முத்துப் பார்களை 1906இல் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளில் பார்கள் வறிதாகிக் கம்பனியும் கலைந்தது. அக்கொள்ளைக்குப் பச்சை முகமூடி தேவைப்படவில்லை. ஆளுநரின் கையொப்பம் போதுமாயிருந்தது. இன்று காலம் மாறிவிட்டது. இன்று எதுவும் இயற்கையின் பெயரைச் சொல்லியே வரவேண்டும்.

2020 திசெம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் திறந்துவைக்கப்பட்டன. தம்பபவனி என்று பெயர். இலங்கையின் பழம்பெயரான தம்பபண்ணியையும் காற்றையும் சேர்த்துச் செய்த அழகான பெயர்தான். அக்கரையில் வலை உலர்த்துவோருக்கு மட்டும் அதில் இடமில்லை. பின்னர் இந்தியாவின் அதானி நிறுவனம் 52 காற்றாலைகளோடு 250 மெகாவாற் திட்டம் ஒன்றை இதே தீவுக்குக் கொணர்ந்தது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழி இது என்று 2024இல் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. எனினும் வேறு கம்பனிகளின் காற்றாலைத் திட்டங்கள் நின்றன. அவற்றோடு கூட, ஓர் அவுஸ்திரேலியக் கம்பனி தீவின் மணலுக்கடியில் இல்மனைற் தேடித் துளையிட்டு வந்தது. பல இடங்களில் கடல்மட்டத்தை விட்டு அதிகம் உயராத தீவு இது; மழைநீர் வழிந்தோட வழியில்லாமல் ஊர்கள் தத்தளிக்கின்றன என்பது மக்களின் முறைப்பாடு.

இல்மனைற்றின் பயனை எண்ணிப் பாருங்கள். வெள்ளைப் பூச்சுக்கும் பளபளப்பான தாளுக்கும் வெண்மையூட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு அதுவே முக்கிய மூலப்பொருள். புல்மோட்டையில் பல பதிற்றாண்டுகளாக அள்ளப்படுவது அதுவே. உலகின் இலச்சினைகள் பளிச்சென்று தோன்றும் வெண்மைக்கு எந்தக் கடற்கரையின் மணல் போயிற்று என்று எந்த வடிவமைப்பாளரும் கேட்பதில்லை. இலச்சினையில் மனிதன் இல்லை என்றோம். அவன் நின்ற மண் மட்டும் அதன் பின்புலத்தில் இருக்கக்கூடும்.

2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். காற்றாலை உதிரிகளை ஏற்றிவந்த வாகனங்களை மறித்தனர். திட்டம் ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது; மாதம் கழிந்ததும் தொடருமாறு பணிப்புரை வந்தது. செப்டெம்பர் 26ஆம் நாள் இரவு பொலிசார் மக்கள்மேல் பாய்ந்தனர். காயமுற்றோருள் குருமாரும் இருந்தனர். 29ஆம் நாள் மன்னார் முழுவதும் கதவடைத்தது. அந்தக் கூட்டத்தில் கத்தோலிக்கர் நின்றனர், இந்துக்கள் நின்றனர், முசுலிம்கள் நின்றனர்.

இதன் பெருமை நம்மூரை அறிந்தோருக்கே முழுதும் விளங்கும். 2019 மார்ச் 3ஆம் நாள், சிவராத்திரிக்கு முன்னாள், திருக்கேதீச்சரத்து வீதியில் ஒரு வளைவுக்காக இந்துக்களும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டனர். வளைவு பிடுங்கி எறியப்பட்ட காட்சியை நாடே பார்த்துத் தலைகுனிந்தது. ஒரு சின்னம் மக்களை எப்படிப் பிரிக்கும் என்பதை அந்த நாள் காட்டிற்று. வாழ்வு அவர்களை எப்படிச் சேர்க்கும் என்பதை ஆறாண்டுகளுக்குப் பின் அதே மக்கள் காட்டினர்.

சுற்றாடலின் பெயரால் மனிதனை அழித்தெழுதும் வழக்கம் அந்நியக் கம்பனிகளுக்கு மட்டும் உரியதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபுலத்திலிருந்து விரட்டப்பட்ட முசுலிம் மக்களுள் முசலிப் பகுதியாரும் அடங்குவர். போர் முடிந்து 2009க்குப் பின் திரும்பியபோது, அவர்கள் விட்டுச்சென்ற நிலங்களில் காடு வளர்ந்திருந்தது. வில்பத்துவைக் காப்போம் என்று தெற்கில் முழக்கம் எழுந்தது. காட்டைக் காக்கும் சட்டம் வேண்டும். சட்டத்தை மீறிய அரசியல்வாதி பதில் சொல்லவேண்டும். இதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அந்த முழக்கத்தோடு பரவிய படங்களில் மரமும் சிறுத்தையும் இருந்தன. இருபதாண்டு அகதி முகாமில் கிடந்த குடும்பம் இல்லை. தமிழராகிய நாமும் இதைச் சொல்லக் கடமைப்பட்டோம். அவர்களை வெளியேற்றியது நம் பெயரால் நடந்த அநீதி.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

சின்னம் இல்லாமல் நிதி திரட்ட முடியுமா என்பர். சின்னம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பீட்டர் ஸ்கொட்டின் மலிவான கறுப்பு வெள்ளையை நாமே போற்றினோம். செயலில் மாற்றமில்லாமல் முகத்தை மட்டும் திருத்துவதையே மறுக்கிறோம்.

காலத்துக்கேற்ற புதுமை வேண்டாமா என்பர். வேண்டும். இலங்கையிலேயே சான்று உண்டு. 1894இல் ஆங்கிலத் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். தாம் சுடுவதற்கு விலங்குகள் எஞ்சவேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. அச்சங்கம் இன்று வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்திருக்கிறது; 2024இல் மன்னார்ப் பறவைகளுக்காக நீதிமன்றம் ஏறியவற்றுள் அதுவும் ஒன்று. வேட்டைச் சங்கத்தை வழக்காடும் சங்கமாக மாற்றியது தூரிகையன்று. அதில் பின்வந்தோரின் செயல். அந்த வழக்கு முக்கியமாகப் பறவைகளின் வழக்காக அறியப்பட்டது. அடுத்த வழக்கு பறவையினதும் வலைஞனதும் ஒன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது வாதம் சற்றுக் கடுமையானது: காற்றாலை தூய மின்சாரம், அதை மறிப்போர் எப்படிச் சுற்றாடலின் நண்பராவர்? நாம் காற்றுக்கும் பகைவர் அல்லர். காற்றாலைக்கும் பகைவர் அல்லர். நிலக்கரி புகைவதைவிடக் காற்றாலை சுழல்வது நன்று. எங்கே நடுவது, எத்தனை நடுவது, மழைநீர் எவ்வழி ஓடும், வருவாயில் ஊருக்கு என்ன என்னும் கேள்விகளுக்கு ஊரார் வாய்திறக்கும் முன்பே பச்சை முத்திரை குத்தப்படுவதைத்தான் எதிர்க்கிறோம். தூய மின்சாரம் தூய முறையில் வரட்டும்.

விலங்குகளுக்குப் பேச வாயில்லை, ஆகவே அவற்றின் படமே இருக்கட்டும் என்பது கடைசி வாதம். நம் கடலின் கடற்பசுவை எடுத்துக்கொள்வோம். அது கடற்புல் மேய்ந்து வாழ்வது. அப்புல்வெளியை வாரி அழிப்பது அடித்தள இழுவைமடி. அதைத் தடைசெய்யுமாறு வடபுலத்துச் சிறு மீனவர் பல்லாண்டு போராடினர். 2017இல் இலங்கையில் தடைச்சட்டம் வந்தது. 2022 செப்டெம்பரில் தமிழ்நாடு பாக்கு நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இரண்டும் நல்ல செய்திகள். இழுவைப் படகு முதலாளியை எதிர்த்து நிற்கும் மீனவன் தன் பிள்ளையின் சோற்றுக்காக நிற்கும்போதே கடற்பசுவின் மேய்ச்சல் நிலத்துக்காகவும் நிற்கிறான். வாயில்லாத உயிருக்கு வாய் அவனே. படத்திலிருந்து அவனை நீக்கினால், விலங்கு இருமடங்கு ஊமையாகிறது.

உத்தரகண்டத்து இமயமலையில் 1974 மார்ச்சில், ரெணி என்னும் ஊரின் பெண்கள் கௌரா தேவியின் தலைமையில், மரம் வெட்ட வந்தவர்களை மறித்து மரங்களுக்குக் காவலாக நின்றனர். சிப்கோ என்ற சொல்லுக்கே கட்டித் தழுவுதல் என்பது பொருள். மரத்தை அணைத்த பெண்ணின் உருவம் உலகெங்கும் அந்த இயக்கத்தின் சின்னமாயிற்று. அதை எந்தப் பட்டறையும் வரைந்து கொடுக்கவில்லை. அதில் மரமும் உண்டு, மனிதரும் உண்டு, இருவருக்கும் இடையிலுள்ள உறவும் உண்டு. போராட்டம் முன்னே நடந்தது. சின்னம் பின்னே வந்தது. சரியான வரிசை அதுவே.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ஆண்டுதோறும் சூன் 5ஆம் நாள் உலகச் சுற்றாடல் தினம் வருகிறது. பாடசாலைகளில் இலச்சினைப் போட்டியும் சுவரொட்டிப் போட்டியும் வைக்கிறோம். பிள்ளைகள் பச்சைப் பூகோளத்தை இரு கைகள் தாங்குவதாக வரைகிறார்கள். அவை யாருடைய கைகள் என்று கேட்போம். அந்தக் கையில் வலைத் தழும்பு இருக்கிறதா, மண்வெட்டிக் காய்ப்பு இருக்கிறதா என்று கேட்போம். கட்டுக்கரைக் குளத்து நீரில் வயல் விளைப்பவனும், பனையேறுபவனும், கருவாடு உலர்த்துபவளும் நம் மாணவரின் தந்தையரும் தாய்மாரும். அவர்களை வரையப் பிள்ளைகளுக்கு எந்த வடிவமைப்பாளரின் உதவியும் வேண்டியதில்லை.

சுற்றாடல் நிறுவனங்களிடமும் நாம் மூன்று கேள்விகளைத் தாழ்மையோடு ஆனால் விடாது கேட்போம். உங்கள் இலச்சினையைத் திருத்துமுன், அதற்குச் செலவாகும் பணத்தை யார் தந்தார், ஏன் தந்தார் என்று சொல்வீர்களா? அந்த இலச்சினையை எந்தக் கம்பனியின் பண்டத்தில் ஒட்ட இசைந்தீர்கள், அக்கம்பனியால் பாதிக்கப்பட்ட ஊரைக் கேட்டீர்களா? நீங்கள் காக்கும் நிலத்தில் வாழ்வோருள் எத்தனை பேர் உங்கள் நிருவாக சபையில் அமர்ந்திருக்கிறார்கள்? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை தரும் நிறுவனம் எந்தப் படத்தையும் வைத்துக்கொள்ளட்டும். பாண்டாவை வைத்தாலும் நமக்குக் குறையில்லை. விடை தராத நிறுவனம் எத்தனை முறை முகம் கழுவினாலும், அழுக்கு உள்ளே இருக்கிறது.

மன்னாரின் கோரிக்கை பெரியதன்று. பறவை வரட்டும்; காற்றாலையும் தக்க இடத்தில் சுழலட்டும்; கடற்பசு மேயட்டும். இவற்றுக்கு நடுவே காலங்காலமாக நின்றுகொண்டிருப்பவனைப் படத்திலிருந்து அழிக்காதீர்கள். அவனை அழித்துவிட்டு வரைகின்ற எந்த இயற்கையும் எங்கள் இயற்கை அன்று.